வேண்டாமுங்க

எங்கள் ஊரில் ‘வேண்டாம்’ என்ற சொல்லுக்குத் தனியாக நிற்கத் தெரியாது. பின்னாலேயே ஒரு ‘ங்க’ வந்து தாங்கிப் பிடித்தால்தான் வாயைவிட்டு இறங்கும். கோயமுத்தூர்க்காரர்கள் ‘வேண்டாமுங்க’ என்று சொன்னால் அதற்கு வேண்டாம் என்றுதான் பொருள். ஆனால் எங்கேயோ உட்கார்ந்து நாளைக்கு இருநூறு பேருக்குப் போன் போடுகிறவர்கள் காதில் அந்த ‘ங்க’ மட்டும்தான் விழுகிறது. இந்தம்மா மரியாதையாகப் பேசுகிறார், இன்னும் இரண்டு நிமிஷம் பேசினால் சரிந்துவிடுவார் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அவர்கள் நினைப்பில் தப்பும் இல்லை.

என்னிடம் இன்னொரு குறையும் உண்டு. போனை எடுத்ததும் நான் ‘ஹலோ’ சொல்வதில்லை. ‘சொல்லுங்க’ என்பேன். கடன் கொடுக்கத் துடித்துக்கொண்டிருக்கும் ஒரு பிள்ளையிடம் ‘சொல்லுங்க’ என்று சொன்னால் அது சொல்லாமல் என்ன செய்யும்?

இந்தக் கஷ்டமெல்லாம் ஒரு ஓவனில் ஆரம்பித்தது. 2016 தீபாவளி போனஸில் கிராஸ்கட் ரோட்டுக் கடையொன்றில் 28 லிட்டர் ஓ.டி.ஜி. ஒன்று வாங்கினேன். பில் போடும் இடத்தில் ஒரு கூப்பன் கொடுத்தார்கள். குலுக்கல், முதல் பரிசு கார். பெயர், வயது, தொழில், ஆண்டு வருமானம், செல் நம்பர் என்று வரிசையாகக் கட்டங்கள். கடைப் பையன் பக்கத்திலேயே நின்று நான் எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் பார்க்கிறானே என்று தொழில் என்ற இடத்தில் ‘அக்கவுண்ட்ஸ் மேனேஜர்’ என்று எழுதினேன். நான் மேனேஜர் இல்லை. பம்ப்செட் கம்பெனியொன்றின் கணக்குப் பிரிவில், மேனேஜர் லீவில் போனால் பீரோ சாவியை வாங்கி வைத்திருப்பவள். ஆண்டு வருமானத்துக்கு, என் சம்பளத்தோடு வீட்டுக்காரர் சம்பளத்தையும் சேர்த்து, வந்த தொகையை ஒன்றரையால் பெருக்கிப் போட்டேன். இத்தனை வருஷ உத்தியோகத்தில் நான் எழுதிய ஒரே பொய்க்கணக்கு அதுதான். அதற்கு இன்றுவரை வட்டி கட்டிக்கொண்டிருக்கிறேன்.

கூப்பனின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. மேலே உள்ள எண்ணில் தொடர்புகொள்ளச் சம்மதம் என்றோ என்னவோ. பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம். படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் கணக்குப் பிரிவுக்காரிக்கு ராத்திரி தூக்கம் வராது. டிக் அடித்தேன்.

கார் வரவில்லை. ஒரு வாரத்தில் போன் வந்தது. “மேனேஜர் மேடம்ங்களா?” அந்த மரியாதையில் நான் பாதி சரிந்துவிட்டேன். அன்னூர்ப் பக்கம் மனை. ‘ஏர்போர்ட்டில் இருந்து அரை மணி நேரம்தான் மேடம்.’ நான் குடியிருப்பது பீளமேட்டில். விமானம் இறங்கினால் எங்கள் வீட்டு ஜன்னல் கண்ணாடி அதிரும். ஏர்போர்ட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற நான், அரை மணி நேரம் தள்ளிப்போய் அதே ஏர்போர்ட்டுக்கு எதற்காக வர வேண்டும் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. “வீட்டுல கேட்டுட்டுச் சொல்றேனுங்க” என்றேன். ‘வீட்டுல கேட்டுட்டு’ என்றால் முடியாது என்று அர்த்தம் என்பது நம் எல்லோருக்கும் தெரியும், அவர்களைத் தவிர. ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு வாசலில் வேன் வந்து நின்றது. போய்ப் பார்த்துவிட்டு, அவர்கள் போட்ட தயிர்சாதத்தையும் சாப்பிட்டுவிட்டு வந்தோம். மனை நன்றாகத்தான் இருந்தது.

ஆபீஸில் யாரோ 1909 பற்றிச் சொன்னார்கள். இந்த ‘அழைக்க வேண்டாம்’ பதிவேட்டைத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2007-லேயே தொடங்கியிருக்கிறது. பிறகு 2010-ல் விதிகளை மாற்றி எழுதி, 2011 செப்டம்பரில் இருந்து வேண்டும், வேண்டாம் என்று வகை பிரித்துச் சொல்லும் வசதி வந்தது. வங்கியும் காப்பீடும் 1, மனை 2, கல்வி 3, மருத்துவம் 4, இப்படி அப்போது 7 வரைக்கும். ‘ஸ்டார்ட் 0’ என்று 1909-க்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பினால் எல்லாம் அடைபடும். எவ்வளவு சுலபம் பாருங்கள். ஆனால் எல்லாவற்றையும் ஒரேயடியாக அடைப்பது எனக்கு முகத்தில் அடித்த மாதிரிப் பட்டது. பிழைப்புக்குப் பேசுகிற பிள்ளைகள், பாவம். அந்தச் சமயம் கல்லூரிச் சீட்டு அழைப்புகள்தான் அதிகத் தொல்லையாக இருந்தன. அதை மட்டும் அடைப்போம் என்று ‘ஸ்டார்ட் 3’ என்று அனுப்பினேன்.

அந்த முறையில் பூஜ்யத்தைத் தவிர வேறு எண்ணைப் போட்டால், அந்த வகை மட்டும் எனக்கு வேண்டும், மற்றதெல்லாம் வேண்டாம் என்று பொருளாம். அதாவது இந்தியத் தொலைத்தொடர்பு அமைப்பின் பதிவேட்டில், இந்த அம்மாளுக்கு உலகத்தில் கல்வி ஒன்றைத் தவிர எதிலும் நாட்டமில்லை என்று எழுத்துமூலமாகப் பதிவாகிவிட்டது. கூப்பனில் சம்மதம் கொடுத்தவர்களுக்கும், பதிவே செய்யாமல் பத்து இலக்கச் சாதாரண நம்பரில் கூப்பிடுகிறவர்களுக்கும் இந்தப் பதிவேடு ஒரு பொருட்டே இல்லை; மனைக்காரர்கள் வழக்கம்போல வந்தார்கள். கூடவே கல்விக்காரர்கள் முறையான அனுமதியோடு வந்தார்கள்.

அப்படித்தான் எனக்கு ஒரு மகன் பிறந்தான்.

எனக்கு இருப்பது ஒரே மகள். அப்போது பி.காம். கடைசி வருஷம். ஒருநாள் ஓவனில் கேக் வைத்துவிட்டு நிற்கிறேன், போன். “மேம், உங்க பையனுக்கு எம்.பி.பி.எஸ். அப்ராட்ல பார்த்துட்டிருக்கீங்களா?” பையன் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். இரண்டே இரண்டு சொல். ஆனால் அந்தப் பெண்ணின் குரல் அன்றைக்கு நூறாவது ஆளிடம் பேசுகிற குரலாக, கரகரத்து இருந்தது. “அவன் யோசிச்சிட்டிருக்கானுங்க” என்று வாயில் வந்துவிட்டது. நீட் எழுதினாரா என்று கேட்டாள். எழுதினான் என்றேன். மார்க் எவ்வளவு என்றாள். 720-க்கு எத்தனை சொன்னால் நம்பும்படி இருக்கும் என்று யோசித்து, “212” என்றேன். சொன்ன அடுத்த நொடி எனக்கே அவன்மேல் எரிச்சலாக வந்தது. செல்லும் கையுமாகவே உட்கார்ந்திருந்தால் பின்னே எவ்வளவு வரும்?

“கவலைப்படாதீங்க மேம், குவாலிஃபை ஆயிட்டார் இல்ல? ஜார்ஜியா பார்க்கலாம்” என்று அந்தப் பெண் எனக்கு ஆறுதல் சொன்னாள். குளிர் தாங்குவானா என்று கேட்டேன். பதினேழு நிமிஷம் பேசினோம். மெஸ்ஸில் தென்னிந்தியச் சாப்பாடு கிடைக்கும் என்று தெரிந்த பிறகுதான் எனக்கு மனசு ஆறியது. அதற்குப் பிறகு அவள் மூன்று தடவை கூப்பிட்டாள். மூன்றாவது தடவை, அவன் ஐ.டி.ஐ. சேர்ந்துவிட்டான் என்று சொல்லி ஒருவழியாகக் கரையேற்றினேன். வீட்டுக்காரரிடம் இதைச் சொன்னபோது அவர் பேப்பரில் இருந்து தலையை எடுக்காமல், “212-ன்னா சொன்ன? கூடக் கொஞ்சம் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்” என்றார்.

பதினேழு நிமிஷத்தில் கேக் என்ன ஆயிற்று என்று யாரும் கேட்கவில்லை. பேசிக்கொண்டே ஓவன் கதவை நாலு தடவை திறந்து பார்த்திருக்கிறேன். மாவு உள்ளே இறுகும் முன்னால் கதவைத் திறந்தால் சூடு இறங்கிவிடும், உப்பி வந்த நடுப்பகுதி தாங்க ஆளில்லாமல் உட்கார்ந்துவிடும். உட்கார்ந்தது. பார்ப்பதற்கு உக்கடம் பெரிய குளம் வற்றினது போல இருந்தது.

நான் எதற்காக கேக் செய்கிறேன் என்பது நியாயமான கேள்வி. கோயமுத்தூரில் டீக்கடைக்கே பேக்கரி என்றுதான் பெயர். ‘வாங்க, பேக்கரிக்குப் போலாம்’ என்றால் டீ குடிக்கப் போகலாம் என்று அர்த்தம். தெருவுக்கு இரண்டு. கண்ணாடிப் பெட்டிக்குள் தேங்காய் பன், பப்ஸ், ஜாமும் தேங்காய்த்துருவலும் பூசின ஹனி கேக். இப்படிப்பட்ட ஊரில் வீட்டில் கேக் செய்து ஆபீஸுக்குத் தூக்கிக்கொண்டு போவது குற்றாலத்துக்குக் குடத்தில் தண்ணீர் கொண்டுபோவது மாதிரி. ஆனால் முதல் தடவை செய்த வாழைப்பழ கேக்கைச் சாப்பிட்டுவிட்டு டிஸ்பேட்ச் அண்ணன் “அருமைங்க அம்மணி” என்றார். எங்கள் ஊரில் யார் வீட்டில் எதைச் சாப்பிட்டாலும் ‘அருமைங்க’ என்றுதான் சொல்வார்கள், வெந்நீர் கொடுத்தால்கூட. நாற்பது வருஷம் இந்த ஊரில் இருந்தும் அன்றைக்கு நான் அதை நம்பிவிட்டேன்.

வீட்டுக்காரர் கணபதியில் ஒரு ஃபவுண்டரியில் சூப்பர்வைசர். அவருக்கு என் கேக்குகள் எல்லாம் வார்ப்புகள்தான். உட்கார்ந்துபோன கேக்கைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, “ஷ்ரிங்கேஜ். நடுவுல ஒரு ரைசர் வெச்சிருக்கணும்” என்றார். உள்ளே பெரிய பெரிய ஓட்டையாக இருந்ததை, “ப்ளோ ஹோல். கேஸ் வெளியே போக வழியில்ல” என்றார். ஆனால் ஓவனை முன்கூட்டியே சூடாக்க வேண்டும் என்ற விஷயத்தை எனக்குப் புரியவைத்தது அவர்தான். 180 டிகிரியில் பத்து நிமிஷம் வெறுமனே ஓட விடுங்கள் என்று செய்முறையில் எழுதியிருந்ததை, கரண்ட் பில் யார் கட்டுவது என்று நான் ஒதுக்கிவிட்டிருந்தேன். “லேடிலைச் சூடு பண்ணாம எவனாச்சும் இரும்பை ஊத்துவானா?” என்று கேட்டார். மாவுக்கும் இரும்புக்கும் ஒரே சட்டம் என்று தெரிந்த பிறகு பத்து நிமிஷத்தை ஒத்துக்கொண்டேன். ‘ரிஜெக்ஷன்’ என்று அவர் ஒதுக்கிய எதையும் நான் வீட்டில் வைத்துக்கொண்டதில்லை. ஆபீஸுக்கு எடுத்துப் போய்விடுவேன்.

சோடா விஷயத்தைச் சொல்லாமல் விட்டால் இது ஒப்புதல் வாக்குமூலமே ஆகாது. பேக்கிங் பவுடர் தீர்ந்துவிட்டது. ஆப்பசோடா இருந்தது. இரண்டும் வெள்ளை, இரண்டும் மாவை உப்பவைப்பது. பவுடருக்கு எழுதியிருந்த இரண்டு ஸ்பூன் அளவுக்குச் சோடாவைப் போட்டேன். பவுடரில் காரமும் புளிப்பும் இரண்டும் கலந்தே இருக்கும், அது தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ளும். சோடா வெறும் காரம். தயிரோ எலுமிச்சையோ ஏதாவது புளிப்பு இருந்தால்தான் அதற்கு வேலை. அதுவும் பவுடர் அளவில் கால்வாசி, மூன்றில் ஒரு பங்கு போதும். இல்லையென்றால் மிச்சமுள்ள சோடா அப்படியே நாக்கில் வந்து நிற்கும். அன்றைய கேக் செங்கல் நிறத்தில், சோப்புக் கட்டி ருசியில் வந்தது. டப்பாவைத் திறந்து நீட்டினேன். ஸ்டோர்ஸ் தம்பி ஒரு துண்டை வாயில் போட்டு, கண்ணில் தண்ணீர் கோக்க, ரொம்ப நேரம் மென்றான். கடைசியில் “புதுசா இருக்குதுங்க அக்கா” என்றான். நான் செய்முறையை எழுதிக் கொடுக்கட்டுமா என்று கேட்டேன்.

இன்னொரு தடவை, வெந்ததா என்று குத்திப் பார்க்க ஈர்க்குச்சி கிடைக்காமல், பூஜை அலமாரியில் எரிந்து மிஞ்சியிருந்த ஊதுபத்திக் குச்சியைச் செருகிவிட்டேன். கழுவித்தான் செருகினேன். அது மல்லிகை. ஆடிட் பிரிவுப் பெண் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, “கோயிலுக்குப் போய்ட்டு வந்த மாதிரி இருக்குதுங்க அக்கா” என்றாள். அதையும் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஆபீஸில் பக்தி அதிகமானது. புரட்டாசியில் முட்டை சேர்க்க மாட்டோம் என்றார்கள். நியாயம்தானே? கண்டென்ஸ்டு மில்க் 400 கிராம் டின் ஒன்றை ஊற்றி முட்டையில்லாமல் செய்து எடுத்துப்போனேன். ஐப்பசியில் சஷ்டி வந்தது, அதற்கு ஆறு நாள் தள்ளி வைத்து ஏழாம் நாள் நீட்டினேன். டிஸ்பேட்ச் அண்ணனுக்கு திடீரென்று சுகர் வந்தது. நாட்டுச் சர்க்கரை போட்டேன். அதுவும் சர்க்கரைதான் என்று அவர் சொன்னதும் பேரீச்சம்பழத்துக்கு மாறினேன். ஸ்டோர்ஸ் தம்பிக்கு மைதா ஒத்துக்கொள்ளவில்லை என்று யாரோ யூடியூபில் சொல்லியிருந்தார்கள். கோதுமை மாவு. அது வயிற்றில் கல் மாதிரி நிற்கிறது என்றான். ராகி. அவர்கள் ஒன்று சொல்ல நான் அதற்கு ஒன்று கொண்டுவருவேன். கடன் வேண்டாம் என்றால் கார்டு, கார்டு இருக்கிறது என்றால் டாப்-அப், எதுவும் வேண்டாம் என்றால் ‘உங்க ஃப்ரெண்ட்ஸ் யாருக்காச்சும் மேடம்?’ என்று கேட்பார்களே, அதே நடைதான். ஆனால் அப்போது எனக்கு அப்படித் தோன்றவே இல்லை. அக்கறையான பெண்மணி என்றுதான் என்னைப் பற்றி நினைத்திருந்தேன்.

2024 டிசம்பரில் பிளம் கேக். தலச்சேரியில் 1883-ல் மாம்பள்ளி பாப்பு என்ற பேக்கரிக்காரரிடம் மர்டாக் பிரவுன் என்ற வெள்ளைக்காரத் தோட்டமுதலாளி ஒரு கிறிஸ்துமஸ் கேக்கைக் காட்டி, இதுபோல் செய்துதர முடியுமா என்று கேட்டதாகவும், உள்ளூர்ச் சரக்கை வைத்தே பாப்பு அசத்திவிட்டதாகவும் சொல்வார்கள். மாதிரியைப் பார்த்த மாத்திரத்தில், டெம்பரேச்சர் திருகி இல்லாத விறகு அடுப்பில். என்னிடம் திருகியும் இருந்தது, மணியும் இருந்தது. தீபாவளிக்கே முந்திரி, திராட்சை, செர்ரி, டூட்டி ஃப்ரூட்டி எல்லாவற்றையும் ஆரஞ்சுச் சாற்றில் ஊறவைத்து ஃப்ரிட்ஜில் வைத்திருந்தேன். ரம் ஊற்றினால் டிஸ்பேட்ச் அண்ணனைத் தவிர யாரும் தொட மாட்டார்கள். அவரை மட்டும் தனியாக மகிழ்விப்பது சரியில்லை.

150 டிகிரியில் கேக் வெந்துகொண்டிருக்கிறது. வாட்ஸ்அப்பில் வீடியோ கால். “சொல்லுங்க” என்றேன். திரையில் சீருடையில் ஒருவர், பின்னால் சிங்க முத்திரை. என் பெயரில் மும்பையிலிருந்து போன பார்சலில் போதைப்பொருள் இருக்கிறதாம். நான் டிஜிட்டல் அரெஸ்டில் இருக்கிறேனாம். இதற்கு இரண்டு மாதம் முன்னால்தான், அக்டோபர் 27-ஆம் தேதி, பிரதமர் வானொலி உரையில், டிஜிட்டல் அரெஸ்ட் என்று சட்டத்தில் எதுவுமே இல்லை என்று சொல்லியிருந்தார். எனக்கு அது தெரியும். வீட்டுக்காரருக்கு விளக்கிச் சொன்னதே நான்தான். தெரிந்தும், அவ்வளவு கோபமாக ஒருவர் பேசும்போது பாதியில் வைப்பது எப்படி? கதவைச் சாத்தச் சொன்னார். சமையலறைக் கதவா, ஹால் கதவா என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கேட்டேன். கேமராவை விட்டு நகரக் கூடாது என்றார். யெஸ் சார் என்றேன். அக்கவுண்டில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டார். சொன்னேன். கூப்பனில் எழுதியிருந்த ஆளுக்கு இது பொருந்தவில்லை போலிருக்கிறது, ஒரு நொடி அவர் பேசாமல் இருந்தார்.

அப்போது ஓவன் மணி அடித்தது. டிங்.

அது என்ன சத்தம் என்று அதட்டினார். கேக் என்றேன். நகர்ந்தால் வாரண்ட் என்றார். முந்திரி மட்டும் அரைக் கிலோ. இரண்டு மாத ஊறல். நான் வீரத்தில் செய்தேன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அரெஸ்ட் ஆனாலும் ஆகட்டும், முந்திரி கருகக் கூடாது என்று மட்டும்தான் நினைத்தேன். “ஒன் மினிட் சார்” என்று சொல்லி போனை வைத்துவிட்டேன்.

கேக்கை எடுத்துக் கம்பித் தட்டில் வைத்து, கை கழுவி வந்த பிறகு மனசு குறுகுறுத்தது. பேசிக்கொண்டிருந்தவரிடம் சரியாகச் சொல்லாமல் வைத்துவிட்டோமே. திருப்பிக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. இரண்டாவது தடவை முயற்சி செய்யும்போது வீட்டுக்காரர் உள்ளே வந்தார். “யாருக்கு?” “அந்தப் போலீஸ்காரருக்குங்க.” அவர் போனைக் கையிலிருந்து பிடுங்கி அரிசி டப்பாவுக்குள் போட்டார்.

சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கும் கூப்பிட்டேன். “பணம் எவ்வளவு போச்சுங்க?” என்று கேட்டார்கள். போகவில்லை என்றதும், அப்படியென்றால் சஞ்சார் சாத்தி தளத்தில் ‘சக்ஷு’ என்ற பகுதியில் பதிவு செய்யுங்கள் என்றார்கள். பணம் போவதற்கு முன்னாலேயே சந்தேக அழைப்பைச் சொல்வதற்காக 2024 மார்ச்சில் தொடங்கியது. ஆதாரத்துக்கு ஸ்கிரீன்ஷாட் கேட்டது. என் செல்லில் அன்றைய தேதியில் இருந்ததெல்லாம் பிளம் கேக்கை நாலு கோணத்தில் எடுத்த போட்டோ.

இந்தப் புகார் வேலையே எனக்கு வருவதில்லை. 2025 பிப்ரவரியில் டிராய் விதிகளைத் தளர்த்தி, மூன்று நாளைக்குள் சொல்ல வேண்டும் என்று இருந்ததை ஏழு நாளாக்கியிருக்கிறது. பத்து நாளில் ஐந்து புகார் வந்தால் போதும், கூப்பிட்டவர்மேல் நடவடிக்கை. எனக்கு ஏழு நாளும் யோசிக்கவே சரியாகப் போகிறது. ஒரு தடவை தைரியமாக நம்பர், தேதி எல்லாம் எழுதிவிட்டு, விவரம் என்ற இடத்தில், ‘பாப்பா நல்லாத்தான் பேசுச்சு, டார்கெட் இருக்குதாம்’ என்று எழுதி, அதைப் படித்துப் பார்த்து, அனுப்பாமல் அழித்துவிட்டேன்.

இனி ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப். பொங்கல் முடிந்த வாரம். ஆடிட் பெண் தன் குழந்தைக்கு மொட்டை போட்ட போட்டோவைக் காட்ட, செல்லை என் கையில் கொடுத்தாள். குழந்தையின் நெற்றிக்கு மேலே ஒரு செய்தி வந்து விழுந்தது. ‘அக்கா வந்தாச்சு. கையில் 2 டப்பா.’ குரூப்பின் பெயர் ‘டி.என்.டி.’, அதாவது ‘டூ நாட் டிஸ்டர்ப்’.

நான் நோண்டுகிறவள் இல்லை. ஆனால் விரல் பட்டுவிட்டது. மொத்தம் 14 பேர். ஆபீஸில் என்னைத் தவிர எல்லோரும். 1909 கதையையும் ‘ஸ்டார்ட் 3’ கதையையும் மதியச் சாப்பாட்டில் இவர்களிடம் சொல்லிச் சிரிக்கவைத்தவளே நான்தான். அதிலிருந்து பெயர் எடுத்திருக்கிறார்கள். கேக் நாள் என்று தெரிந்ததும் ஒருவர் ‘ஸ்டார்ட் 0’ என்று போட, மற்றவர்கள் கும்பிடு போடுகிறார்கள். ‘மீட்டிங்னு சொன்னா வெளியே நின்னு காத்திருக்காங்க, பல் வலின்னு சொல்லுங்க.’ ‘பல் வலிக்குப் போன தடவை புட்டிங் கொண்டுவந்தாங்க.’ ‘வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன்னு வாங்கி கீழே செக்யூரிட்டிக்குக் குடுத்துடுங்க.’ ‘செக்யூரிட்டி வேண்டாங்கறார்.’ ஸ்டோர்ஸ் தம்பி மட்டும் ஓர் இடத்தில், ‘வாழைப்பழ கேக்னா எனக்கு ஓகே’ என்று போட்டிருந்தான். அதற்குக் கீழே யாரோ, ‘தம்பி ஸ்டார்ட் 3 அனுப்பிட்டான்’ என்று எழுதி, சிரித்துச் சிரித்துக் கண்ணீர் விடும் பொம்மைகள் பதினொன்று.

எனக்கும் சிரிப்பு வந்தது என்பதை நான் இங்கே பதிவு செய்ய வேண்டும். கொஞ்சம் கழித்துத்தான் மற்றது வந்தது. அத்தனை வாக்கியங்களும் எனக்குப் பழக்கமானவை. மீட்டிங்ல இருக்கேன். இப்பத்தான் ஆச்சு. வீட்டுல கேட்டுட்டுச் சொல்றேன். ஒவ்வொன்றையும் நான் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன், அவர்களும் என் மாதிரியே ஒரு ‘ங்க’வைப் பிடித்துக்கொண்டு மறுபடி மறுபடி வந்திருக்கிறார்கள். செல்லை ஆடிட் பெண்ணிடம் கொடுத்தேன். “மொட்டை அழகா இருக்குதும்மா” என்றேன். அவள் முகம் போன போக்கைப் பார்த்தால், அவளுக்கு நான் பார்த்தது தெரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. அன்றைக்குக் கொண்டுபோன இரண்டு டப்பாவையும் திறக்காமல் வீட்டுக்குத் திருப்பிக்கொண்டு வந்தேன். வீட்டுக்காரர் ஒரு துண்டு எடுத்து, திருப்பிப் பார்த்து, “இது பாஸ்தானே, ஏன் திரும்பி வந்துது?” என்றார்.

அடுத்த திங்கள் வெறுங்கையோடு போனேன். அதற்கு அடுத்த திங்களும். மூன்றாவது திங்கள் பதினோரு மணி டீ வந்தபோது ஸ்டோர்ஸ் தம்பி என் மேஜைப் பக்கம் வந்து நின்றான். “என்னங்க அக்கா, இப்பெல்லாம் ஒண்ணும் கொண்டுவர்றதில்லைங்களா?” அவன் போன பிறகு டிஸ்பேட்ச் அண்ணன். “உடம்பு கிடம்பு சரியில்லைங்களா அம்மணி?” சாயங்காலம் ஆடிட் பெண் பைக் ஸ்டாண்டில் பிடித்துக்கொண்டாள். ஒன்றும் கேட்கவில்லை, குழந்தைக்கு அடுத்த மாதம் ஒரு வயசு, நீங்கதான் கேக் செய்யணும் என்றாள். உண்மையாகக் கேட்கிறார்களா, எங்கள் ஊர் மரியாதைக்குக் கேட்கிறார்களா என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. மூன்று பேரில் இரண்டு பேர் அந்தக் குரூப்பின் அட்மின்.

“வேண்டாமுங்க” என்று ஆடிட் பெண்ணிடம் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். “எத்தனை கிலோ?” என்று வந்தது.

ராத்திரி ஃப்ரிட்ஜில் இருந்து வெண்ணெயை எடுத்து, இளகட்டும் என்று வெளியே வைத்தேன். ஒரு வயசுக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. மாதிரிக்கு ஒன்று செய்து காட்டுவது நல்லதுதானே. வாழைப்பழம் நாலும் நன்றாகக் கறுத்திருந்தன.